அணுவியல் அறிஞர் ஹோமி பாபா

அளவறிதலே அறிவின் தொடக்கம் ஆகும். நெல்லை அளக்க மரக்காலும், நிலத்தை அளக்கக் கோலும், பொன்னை நிறுக்கத் தராசும் நம் முன்னோர் கண்டனர். அளக்கும் கருவி பிழைபட்டால் வாணிகம் பிழைபடும்; நீதியும் பிழைபடும். கண்ணாற் காணவும் கையால் தொடவும் இயலாத நுண்துகள்களை ஆராய்வோர்க்கும் ஓர் அளவுகோல் இன்றியமையாதது. எலக்ட்ரான் என்னும் துகளையும், அதன் எதிர்த்துகளாகிய பாசிட்ரானையும் ஒன்றோடொன்று மோதவிட்டு, அம்மோதலில் எவ்வெத் துகள்கள் எத்துணை பிறக்கின்றன என்று அளக்கும் ஆய்வுக்கூடங்கள் உலகில் சில உள. அவற்றிலெல்லாம் அளவுகோலாகப் பயன்படும் நிகழ்ச்சி ஒன்று ஓர் இந்தியரின் பெயரால் வழங்குகிறது. அவரே ஹோமி ஜஹாங்கீர் பாபா ஆவார். இந்திய அணுவாற்றல் துறையின் தந்தை என அவரை நாடு அறியும். ஓர் அளவுகோலின் தந்தையும் அவரே என்பதை அறிந்தோர் சிலரே.

பிறப்பும் இளமையும்

இன்று மும்பை என வழங்கும் பம்பாய் மாநகரில், 1909 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30 ஆம் நாள், பார்சிக் குடியொன்றில் பாபா பிறந்தார். அவர் தந்தையார் ஜஹாங்கீர் ஹார்மஸ்ஜி பாபா, ஆங்கில நாட்டில் கல்வி பயின்ற வழக்கறிஞர். பாட்டனார் மைசூர் நாட்டில் கல்வித்துறையின் தலைமைக் கண்காணிப்பாளராக விளங்கியவர். தந்தையாருடன் பிறந்த அம்மையார் தொழிற்பெருமகன் தொராப்ஜி டாட்டாவை மணந்தவர். எனவே கல்விச் செல்வமும் பொருட்செல்வமும் ஒருங்கே வாய்ந்த குடியில் அவர் வளர்ந்தார்.

வீட்டில் நூல்கள் நிறைந்த அறை இருந்தது. மேனாட்டிசைத் தட்டுகள் பல இருந்தன. சிறுவர் பாபா நூல்களிலும் இசையிலும் ஓவியத்திலும் ஒருங்கே ஈடுபட்டார். பம்பாயில் கதீட்ரல் பள்ளியிலும், பின்னர் எல்பின்ஸ்டன் கல்லூரியிலும், அறிவியல் கழகத்திலும் அவர் பயின்றார். ஐன்ஸ்டீன் வகுத்த சார்புக் கொள்கையைப் பள்ளிப் பருவத்திலேயே விரும்பிக் கற்றார்.

தந்தையின் விருப்பமும் மைந்தரின் வேட்கையும்

1927 ஆம் ஆண்டில் பாபா கடல் கடந்து சென்று, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கான்வில் அண்டு கீசு கல்லூரியில் சேர்ந்தார். மைந்தர் இயந்திரப் பொறியியல் கற்று மீண்டு, ஜாம்ஷெட்பூரில் உள்ள டாட்டா எஃகுத் தொழிற்சாலையில் பணி ஏற்றல் வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். குடும்பத்தாரும் அவ்வாறே எண்ணினர். ஆனால் இளைஞரின் உள்ளம் இயந்திரங்களில் நிலைகொள்ளவில்லை. இயற்கையின் அடிப்படை விதிகளை ஆராயும் இயற்பியலே தமக்குரிய துறை என்று அவர் உணர்ந்தார். 1928 ஆம் ஆண்டில், பொறியியலில் தமக்கு நாட்டமில்லை என்றும், இயற்பியலில் ஈடுபட இசைவு தருமாறும் தந்தையார்க்கு மடல் எழுதினார்.

தந்தையார் சினந்து மறுக்கவுமில்லை; உடனே இசையவுமில்லை. பொறியியல் தேர்வில் முதல் வகுப்பில் தேறினால், கேம்பிரிட்ஜிலேயே தங்கிக் கணிதம் பயிலலாம் என்று விடை பகர்ந்தார். விரும்பாத பாடத்தையும் விரும்பியதற்கு வழியாகக் கொண்டு மைந்தர் உழைத்தார். 1930 ஆம் ஆண்டில் பொறியியலில் முதல் வகுப்பில் தேறினார். தந்தையாரும் தம் சொல்லைக் காத்தார். 1932 ஆம் ஆண்டில் பாபா கணிதத் தேர்விலும் முதல் வகுப்பில் தேறினார். பொறியியற் கல்வியும் வீண்போகவில்லை. பிற்காலத்தில் ஆய்வுக்கூடங்களையும் அணுவுலைகளையும் எழுப்ப நேர்ந்தபோது, அக்கல்வி அவருக்குப் பெருந்துணை செய்தது.

இயற்பியலின் பொற்காலம்

அக்காலத்தில் கேம்பிரிட்ஜ் இயற்பியலின் திருநகராக விளங்கிற்று. அங்கே கவெண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ரூதர்போர்டு தலைமை தாங்கினார். 1932 ஆம் ஆண்டில் சாட்விக் என்பார் நியூட்ரானைக் கண்டறிந்ததும், காக்கிராஃப்டும் வால்ட்டனும் செயற்கையாக விரைவூட்டிய துகள்களைக் கொண்டு அணுக்கருவைப் பிளந்ததும் அங்கேதான். சென்னையிலிருந்து சென்ற சந்திரசேகரும் அந்நாளில் கேம்பிரிட்ஜிலே விண்மீன்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். பாபாவின் நண்பராகவும் விளங்கினார்.

கணிதப் பேராசிரியராகிய டிராக் என்பார் எலக்ட்ரானைப் பற்றி ஒரு புதிய சமன்பாட்டை 1928 ஆம் ஆண்டில் வெளியிட்டிருந்தார். அச்சமன்பாட்டின்படி, எலக்ட்ரானுக்கு ஓர் இணைத்துகள் இருத்தல் வேண்டும். அதன் எடை எலக்ட்ரானின் எடையே. மின்னூட்டமோ நேர் மாறானது. எண்ணத்தில் மட்டும் இருந்த அத்துகளை, 1932 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ஆண்டர்சன் என்பார் அண்டக் கதிர்களிடையே கண்ணாரக் கண்டார். அதற்குப் பாசிட்ரான் என்று பெயர் வழங்கலாயிற்று. எலக்ட்ரானும் பாசிட்ரானும் சந்தித்தால் இரண்டும் அழிந்து ஒளியாற்றலாக மாறும். போதிய ஆற்றலுடைய ஒளி அணுக்கருவின் அருகே செல்லும்போது எலக்ட்ரான், பாசிட்ரான் இணையாகவும் மாறும். அழிதலும் தோன்றலும் ஒன்றற்கொன்று மறுதலையாய் நிகழும் இவ்வியப்பு, பாபாவின் உள்ளத்தை ஆட்கொண்டது. அவர் தம் முதல் ஆய்வுரையை 1933 ஆம் ஆண்டில் வெளியிட்டார். சூரிக்கு நகரில் பௌலியிடமும், ரோமாபுரியில் ஃபெர்மியிடமும் சிறிது காலம் தங்கி ஆராய்ந்தார். 1935 ஆம் ஆண்டில் ஆய்வு முனைவர் பட்டம் பெற்றார்.

பாபா சிதறல்

அவ்வாண்டிலேயே பாபா ஒரு சிக்கலை ஆராயப் புகுந்தார். ஓர் எலக்ட்ரான் மற்றோர் எலக்ட்ரானோடு மோதினால் எவ்வாறு சிதறும் என்பதை மோலர் என்பார் முன்னரே கணித்திருந்தார். ஆனால் ஓர் எலக்ட்ரானும் ஒரு பாசிட்ரானும் மோதினால் நிகழ்வது யாது? இதற்கு விடை காண்பது எளிதன்று. அவை இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்து, திசை மாறிச் செல்லலாம். அன்றி, இரண்டும் ஒருங்கே அழிந்து, அவ்வாற்றலினின்று மீண்டும் ஓர் எலக்ட்ரானும் ஒரு பாசிட்ரானுமாகப் பிறக்கலாம். முடிவில் வெளிப்படுவன இரு வழியிலும் ஒரே வகைத் துகள்களே. வந்தவையே சென்றனவா, வந்தவை மாய்ந்து புதியவை பிறந்தனவா என்று பிரித்தறிய வழியில்லை. எனவே இரு வழிகளையும் இணைத்தே கணக்கிடல் வேண்டும் என்று பாபா கண்டார்.

இக்கணக்கில் ஓர் ஆழ்ந்த வினாவும் அடங்கியிருந்தது. பாசிட்ரான் எலக்ட்ரானோடு தொடர்பற்ற தனித்துகளாயின், விளைவு ஒரு வகையாக அமையும். டிராக் கூறியவாறு அஃது எலக்ட்ரானின் மறுபக்கமே ஆயின், விளைவு வேறு வகையாக அமையும். எந்தக் கோணத்தில் எத்தனை துகள்கள் சிதறுகின்றன என்று எண்ணிப் பார்த்தால், எது உண்மை என்பது தெளியும். இவ்வாறு, மெய்ம்மையைச் சோதிக்கும் உரைகல்லாகவே அவருடைய கணக்கு அமைந்தது. இலண்டன் அரசச் சங்கத்தின் ஆய்விதழில் அவ்வாய்வுரை 1936 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர்ச் செய்த சோதனைகள் அவர் கணக்கே சரியென நிறுவின. அந்நிகழ்ச்சியைப் பாபா சிதறல் என்று உலகத்தார் இன்றும் வழங்குகின்றனர்.

அது வெளிவந்தபோது பாபாவுக்கு வயது இருபத்தாறு. எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் எதிரெதிரே செலுத்தி மோதவிடும் இயந்திரம் எதுவும் அந்நாளில் இல்லை. அத்தகைய முதல் இயந்திரம் இத்தாலி நாட்டில் 1961 ஆம் ஆண்டிலேதான் அமைந்தது. ஆகவே, எதிர்காலப் பயன் கருதாது, உண்மை காணும் வேட்கை ஒன்றே தூண்ட, அக்கணக்கை அவர் செய்தார்.

துகள் பொழிவு

பாபாவின் மற்றொரு பெருங்கண்டுபிடிப்பு அண்டக் கதிர்களைப் பற்றியது. விண்வெளியினின்று மிக்க ஆற்றலுடைய துகள்கள் நிலவுலகின்மீது ஓயாமல் வந்து வீழ்கின்றன. அவை காற்றுமண்டலத்தில் புகுந்தால், திடீரென எண்ணற்ற துகள்கள் மழைபோற் பொழிகின்றன. ஒரு துகளினின்று அத்தனை துகள்கள் எவ்வாறு பிறந்தன என்பது பலர்க்கும் விளங்காப் புதிராக இருந்தது.

1937 ஆம் ஆண்டில் பாபாவும் ஹைட்லர் என்னும் அறிஞரும் சேர்ந்து அப்புதிரை விடுவித்தனர். விரைந்து செல்லும் எலக்ட்ரான் ஓர் அணுக்கருவின் அருகே செல்லும்போது, தன் ஆற்றலில் ஒரு பகுதியை ஒளித்துகளாக உமிழ்கிறது. அவ்வொளித்துகள் மற்றோர் அணுக்கருவின் அருகே எலக்ட்ரான், பாசிட்ரான் இணையாக மாறுகிறது. அவ்விரண்டும் மீண்டும் ஒளித்துகள்களை உமிழ்கின்றன. அவை மீண்டும் இணைகளாகின்றன. இங்ஙனம் ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்த் துகள்கள் பெருகுகின்றன. ஏரியினின்று புறப்பட்ட நீர் பெருவாய்க்காலாகவும், சிறுவாய்க்காலாகவும், பாத்திகளில் ஓடும் கால்களாகவும் பிரிகிறதன்றோ? கால்கள் மிகுந்தாலும் நீர் மிகுவதில்லை; ஒவ்வொன்றிலும் ஓடும் நீர் குறைந்துகொண்டே செல்கிறது. துகள் பொழிவும் அத்தகையதே. துகள்களின் எண்ணிக்கை பெருகப் பெருக ஒவ்வொன்றின் ஆற்றலும் சிறுத்து, இறுதியில் பொழிவு அடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் கார்ல்சன், ஓப்பன்ஹைமர் என்னும் இருவரும் அதே காலத்தில் தனித்து ஆராய்ந்து இம்முடிவையே கண்டனர்.

எனினும் சில துகள்கள் இவ்வாறு பொழிவாகாமல், தடித்த ஈயத்தையும் ஊடுருவிச் சென்றன. அவை எலக்ட்ரானினும் எடை மிக்க வேறு துகள்களாதல் வேண்டும் என்று அறிஞர் தெளிந்தனர். சிறிது காலமே வாழும் அத்தகைய துகள் விரைந்து செல்லும்போது, அதன் வாழ்நாள் நமக்கு நீண்டதாகத் தோன்றும். சார்புக் கொள்கையின் மெய்ம்மையை அதனால் நேரே சோதிக்கலாம் என்று 1938 ஆம் ஆண்டில் பாபா எடுத்துக் காட்டினார். மெசான் என்னும் பெயர் நிலைபெறுவதற்கும் அவரே காரணர்.

போரும் தாயகமும்

1939 ஆம் ஆண்டில் விடுமுறையைக் கழிப்பதற்காகப் பாபா தாயகம் வந்தார். செப்டம்பர்த் திங்களில் இரண்டாம் உலகப் பெரும்போர் மூண்டது. திரும்பிச் செல்லும் வழி அடைபட்டது. பெங்களூரில் இந்திய அறிவியற் கழகத்தில், சர் சி. வி. இராமன் தலைமை தாங்கிய இயற்பியல் துறையில் அவர் பணி ஏற்றார். அண்டக் கதிர் ஆய்வுக்கு அங்கே ஒரு தனிப்பிரிவை அமைத்தார். 1941 ஆம் ஆண்டில் இலண்டன் அரசச் சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

போர் முடிந்தபின் கேம்பிரிட்ஜுக்கே மீளலாம் என்பது அவருடைய தொடக்க எண்ணம். அங்கே புகழ் இருந்தது, துணை நின்று ஆராயும் நண்பர் இருந்தனர், கருவிகளும் இருந்தன. இங்கோ அவற்றுள் பல இல்லை. ஆனால் பெங்களூரில் வாழ்ந்த ஆண்டுகள் அவர் உள்ளத்தை மாற்றின. திறமையுள்ள இளைஞர் இந்நாட்டில் பலர் உளர். அவர்களுக்குத் தக்க ஆய்வுக்கூடம் இல்லாமையே குறை என்று அவர் கண்டார். ஆய்வுக்கூடம் இருக்கும் நாட்டை நாடிச் செல்வதா, தம் நாட்டில் ஆய்வுக்கூடத்தை ஆக்குவதா என்னும் வினா அவர்முன் நின்றது. அவர் இரண்டாவதையே தேர்ந்தார்.

1944 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12 ஆம் நாள், தொராப்ஜி டாட்டா அறக்கட்டளைக்கு அவர் ஒரு மடல் வரைந்தார். அடிப்படை இயற்பியலை ஆராயும் உயர்ந்த நிலையம் ஒன்று இந்நாட்டில் வேண்டும் என்றும், அணுவாற்றலைப் பயன்படுத்தும் காலம் வரும்போது, வல்லுநரை வெளிநாட்டில் தேடாமல் நம் நாட்டிலேயே பெறுதற்கு அந்நிலையம் உதவும் என்றும் அதில் விளக்கினார். இரோசிமா நகரின்மேல் அணுகுண்டு வீழ்ந்து, அணுவின் ஆற்றலை உலகம் அறிந்தது 1945 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களிலே ஆகும். அதற்கு ஓராண்டுக்கு மேல் முன்னதாகவே அம்மடல் எழுதப்பட்டது என்பது கருதத்தக்கது.

அறக்கட்டளையினர் இசைந்தனர். 1945 ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளன்று டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூரில் தொடங்கியது. அவ்வாண்டின் இறுதியில் பம்பாய்ப் பெடர் சாலையில் உள்ள ஒரு மாளிகைக்கு மாறியது. கொலாபாக் கடற்கரையில் அதற்கெனக் கட்டப்பெற்ற பெருங்கட்டடத்தை 1962 ஆம் ஆண்டில் தலைமை அமைச்சர் நேரு திறந்து வைத்தார். அறிஞர் ஒருவரைக் கண்டால், அவருக்கேற்ற பணியை அமைத்துத் தருவது பாபாவின் வழக்கம். முதலில் பதவிகளைப் படைத்துப் பின்னர் ஆட்களைத் தேடும் முறையை அவர் மேற்கொள்ளவில்லை.

தென்னாட்டில் விளைந்த பயன்

பாபா வித்திட்ட ஆராய்ச்சி தென்னாட்டிலும் தழைத்தது. கோலார் தங்கச் சுரங்கம் தமிழ்த் தொழிலாளர் பலர் தலைமுறை தலைமுறையாக உழைத்த இடம். நிலத்தின்கீழ் எத்துணை ஆழத்தில் எத்தனை அண்டக் கதிர்த் துகள்கள் ஊடுருவுகின்றன என்று அச்சுரங்கத்தில் டாட்டா நிறுவனத்தார் அளந்தனர். 1965 ஆம் ஆண்டில், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ என்னும் துகளின் அடையாளத்தை இந்திய, ஜப்பானிய, ஆங்கில அறிஞர்கள் கூடிக் கண்டனர். தென்னாப்பிரிக்கச் சுரங்கமொன்றில் ஆராய்ந்த வேறொரு குழுவினரும் அவ்வாண்டிலேயே அதனைக் கண்டனர்.

நீலகிரியில் உதகமண்டலம் துகள் பொழிவை ஆராயும் இடமாயிற்று. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2200 மீட்டர் உயரத்தில் உள்ள அம்மலைநகரில், அண்டக் கதிர்ப் பொழிவுகளை அளக்கும் கருவிகள் வரிசை வரிசையாக நிறுவப்பட்டு, அப்பணி இன்றும் நடைபெறுகிறது.

சென்னையில் சட்டம் பயின்ற அல்லாடி இராமகிருஷ்ணன், 1947 ஆம் ஆண்டில் பாபாவிடம் ஆய்வாளராகச் சேர்ந்தார். ஒரு பொழிவில் சராசரியாக எத்தனை துகள்கள் பிறக்கும் என்று அறிவது ஒன்று. அவ்வெண்ணிக்கை பொழிவுக்குப் பொழிவு எவ்வளவு ஏறியும் இறங்கியும் அமையும் என்று அறிவது மற்றொன்று. இப்பின்னதற்குரிய கணித முறையை இராமகிருஷ்ணன் வகுத்தார். அவரே 1962 ஆம் ஆண்டில் சென்னையில் கணித அறிவியற் கழகம் தோன்றுதற்குக் காரணர் ஆவார்.

அணுவாற்றற் பணி

நாடு விடுதலை பெற்றபின், 1948 ஆம் ஆண்டில் அணுவாற்றற் குழு அமைந்தது. அதன் தலைவராகப் பாபாவை நேரு அமர்த்தினார். 1954 ஆம் ஆண்டில் அணுவாற்றலுக்கெனத் தனித்துறையே தோன்றிற்று. பம்பாயை அடுத்த டிராம்பேயில் ஆய்வுநிலையம் எழுந்தது. அங்கே 1956 ஆம் ஆண்டு ஆகஸ்டு 4 ஆம் நாள் அப்சரா என்னும் அணுவுலை இயங்கத் தொடங்கியது. சோவியத்து நாடு நீங்கலாக, ஆசியாவில் முதன்முதல் இயங்கிய அணுவுலை அதுவே.

இந்நாட்டில் யுரேனியம் குறைவு, தோரியமோ மிகுதி. கேரளக் கடற்கரையிலும், குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் உள்ள மணலில் தோரியம் பொதிந்துள்ளது. இதனை உளங்கொண்டு, முதலில் யுரேனியத்தையும், அதினின்று பெறும் புளுட்டோனியத்தையும், இறுதியில் தோரியத்தையும் பயன்படுத்தும் மூன்று நிலைத் திட்டத்தைப் பாபா வகுத்தார். செங்கற்பட்டை அடுத்த கல்பாக்கத்தில் உள்ள அணுவாற்றல் நிலையங்கள் அத்திட்டத்தின் வழிவந்தவையே.

1955 ஆம் ஆண்டில், அணுவாற்றலை ஆக்கப்பணிகட்குப் பயன்படுத்துவது குறித்து ஜெனீவா நகரில் உலக மாநாடு கூடிற்று. பாபா அதன் தலைவராக வீற்றிருந்தார். அணுக்கருக்களை இணைத்துப் பெறும் ஆற்றல் இருபது ஆண்டுகளுக்குள் மனிதர் வசப்படும் என்று அங்கே அவர் முன்னறிந்து கூறினார். எழுபது ஆண்டுகள் கடந்த பின்னும் அக்கூற்று நிறைவேறவில்லை. பேரறிஞர்களின் எண்ணமும் சிற்சில வேளைகளில் காலத்தை முந்திவிடுதல் உண்டு. விண்வெளி ஆய்விலும் விக்கிரம் சாராபாய்க்கு அவர் துணை நின்றார்.

கலையுள்ளம்

ஆய்வுப் பணியும் ஆட்சிப் பணியும் நிறைந்த வாழ்விலும் பாபா கலையை மறந்தாரில்லை. அவர் ஓவியம் தீட்டினார், மேனாட்டிசையில் திளைத்தார். டாட்டா நிறுவனத்தின் சுவர்களை இந்திய ஓவியர்களின் படைப்புகளால் அழகுபடுத்தினார். கட்டடம் எழும் இடத்தில் வளர்ந்த மரம் குறுக்கிட்டால், அதனை வெட்டி வீழ்த்த இசையாமல், வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடச் செய்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

மறைவு

1966 ஆம் ஆண்டு ஜனவரி 24 ஆம் நாள், இந்திரா காந்தி தலைமை அமைச்சராகப் பொறுப்பேற்ற நாளாகும். அந்நாள் காலையில், வியன்னா நகரில் நடைபெறவிருந்த கூட்டத்துக்குச் சென்றுகொண்டிருந்த பாபாவின் விமானம், ஜெனீவாவை அணுகும்போது ஆல்ப்ஸ் மலைத்தொடரில் மோன் பிளாங் சிகரத்தில் மோதிச் சிதைந்தது. அதில் இருந்த 117 பேரும் மாண்டனர். பாபாவுக்கு அப்போது அகவை ஐம்பத்தாறே. நாடு துயரில் ஆழ்ந்தது. டிராம்பே நிலையத்துக்குப் பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று 1967 ஆம் ஆண்டில் பெயர் சூட்டப்பட்டது.

அளவுகோல் ஆகிய கணக்கு

அவர் மறைந்த மலையைத் தெளிந்த நாள்களில் ஜெனீவாவிலிருந்து காணலாம். அந்நகரை அடுத்துள்ள செர்ன் என்னும் ஐரோப்பிய ஆய்வு நிலையத்தில், நிலத்தடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுடைய வட்டச் சுரங்கம் ஒன்று அமைக்கப்பட்டது. 1989 ஆம் ஆண்டு முதல் 2000 ஆம் ஆண்டு வரை, அச்சுரங்கத்தில் எலக்ட்ரான்களும் பாசிட்ரான்களும் எதிரெதிரே சுழன்று மோதின. நான்கு இடங்களில் பெருங்கருவிகள் அம்மோதல்களை நோக்கின. அவற்றுள் ஒன்றாகிய எல்-3 என்னும் ஆய்வில் டாட்டா நிறுவனத்தின் அறிஞரும் பங்கு கொண்டனர்.

அங்கே எழுந்த இடர்ப்பாடு இது. ஒரு வயலில் இத்தனை கலம் விளைந்தது என்று மட்டும் சொன்னால், அந்நிலத்தின் வளம் விளங்காது. விதைத்த அளவும் தெரிதல் வேண்டும். அதுபோல, மோதலில் இத்தனை புதிய துகள்கள் பிறந்தன என்றால் மட்டும் போதாது. மோதும் வாய்ப்பு எத்துணை இருந்தது என்பதும் தெரிதல் வேண்டும். அதனை எவ்வாறு அறிவது? முளைக்கும் வீதம் நன்கு தெரிந்த ஒரு விதையையும் உடன் கலந்து விதைத்து, அதன் முளைகளை எண்ணினால், விதைத்த அளவு புலப்பட்டுவிடும். அத்தகைய நம்பிக்கையான விதையே பாபா சிதறல். ஒவ்வொரு கோணத்திலும் அது நிகழும் வீதம் கணக்கினால் துல்லியமாகத் தெரியும். கற்றை செல்லும் திசையை ஒட்டிய சிறிய கோணங்களில் அது மிகுதியாக நிகழும். அங்கே கருவிகளை வைத்து, சிதறிவரும் துகள்களை எண்ணினால், மோதல் வாய்ப்பின் அளவு கிடைத்துவிடும். அதனைக் கொண்டு பிற துகள்களின் பிறப்பு வீதத்தை வரையறுக்கலாம்.

அத்துகள்களை எண்ணும் கருவியிலும் பாபாவின் அறிவே ஒளிர்கிறது. எல்-3 ஆய்வில் அடர்த்தி மிக்க படிகக் கட்டிகள் வைக்கப்பட்டிருந்தன. எலக்ட்ரான் அதனுள் புகுந்தால் துகள் பொழிவாக மாறி, தன் ஆற்றல் முழுவதையும் அங்கேயே ஒளியாக இறக்கிவிடும். அவ்வொளியை அளந்து, வந்த துகளின் ஆற்றலை அறிவர். இவ்வாறு, பாபாவின் சிதறலை எண்ணுதற்குப் பாபாவின் பொழிவே துணையாயிற்று.

இவ்வளவீட்டினால் விளைந்த பயன் பெரிது. இயற்கையில் எத்தனை வகை நியூட்ரினோக்கள் உள்ளன என்பது நெடுநாள் வினா. மோதலில் பிறக்கும் இசட் என்னும் துகளின் பிறப்பு வீதத்தை அளந்தால், அதற்கு விடை கிடைக்கும். நான்காவதாக ஒரு நியூட்ரினோ இருப்பின், அவ்வீதத்தின் உச்சம் ஏறத்தாழ நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு குறையும். நான்கு கருவிகளும் கூடி ஏறத்தாழ 1.7 கோடி இசட் துகள்களைக் கண்டன. பாபா சிதறலை எண்ணியதில் நேர்ந்த பிழை ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்தது. விடை 2.984 என வந்தது. வகைகள் மூன்றே என்பது தெளிவாயிற்று. ஆனால் மூன்றுக்குச் சற்றுக் குறைந்த அச்சிறு வேறுபாடு, அறிஞர்களின் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. 2019, 2020 ஆம் ஆண்டுகளில் பாபா சிதறலின் கணக்கை மேலும் நுணுகிச் செய்தனர். எதிரெதிரே வரும் கற்றைகளின் மின்விசை, சிதறிய துகள்களைச் சிறிதே வளைப்பதையும் கணக்கிற் சேர்த்தனர். விடை 2.996 என மாறி மூன்றை ஒட்டிற்று. குறை இயற்கையில் இல்லை. அளவுகோலைப் படித்த முறையிலேயே இருந்தது.

ஜப்பான் நாட்டில், ஏறத்தாழ 3 கிலோமீட்டர் சுற்றளவுடைய வளையத்தில், 2018 ஆம் ஆண்டு முதல் எலக்ட்ரான், பாசிட்ரான் மோதல்கள் நடைபெறுகின்றன. பெல்-2 என்னும் அவ்வாய்வில் டாட்டா நிறுவனத்தாரும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரும் பங்கு கொள்கின்றனர். அங்கும் மோதலின் அளவை அறிதற்குப் பாபா சிதறலை எண்ணுகின்றனர்.

முடிவுரை

பாபா கட்டிய நிலையங்கள் கல்லாலும் சுண்ணத்தாலும் ஆனவை. அவற்றை யாவரும் காண்பர். அவர் இளமையில் செய்த கணக்கோ சில தாள்களில் அடங்கியது. அதனைக் கற்றோரே காண்பர். முன்னவற்றுக்கு அரசின் பொருளும் பல்லாயிரவர் உழைப்பும் வேண்டியிருந்தன. பின்னதற்கு ஓர் எழுதுகோலும் ஊன்றிய உள்ளமுமே போதியவாயின. அக்கணக்கின் பெரும்பயனை அவர் தம் வாழ்நாளில் காணவில்லை. ஆயினும் அது பிழையறச் செய்யப்பட்டமையால், அரை நூற்றாண்டுக்குப் பின்னும் உலகத்துக்கு அளவுகோலாய் உதவியது. இன்று ஒரு மாணவர் தம் ஏட்டில் சிறியதொரு கணக்கைச் செவ்வனே செய்து முடிப்பாராயின், அதுவும் வீண்போகாது. பயன் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. பிழையின்றிச் செய்வது நம் கையில் உள்ளது. இதுவே பாபாவின் வாழ்வினின்று நாம் கொள்ளத்தக்க பாடமாகும்.